சோத்துக்கை

குரு என்றால் தாடி இருக்கும், சீடன் என்றால் மீசை கூட முளைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். இந்தக் கதையில் சீடருக்குத்தான் தலை நரைத்திருக்கிறது. வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. ஸ்கூட்டரில் வருவார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. சொந்த ஊர் தூத்துக்குடி. சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் ஓட்டல்களில் சாப்பிட்டுப் பார்த்து மார்க் போடும் பக்கம் அவருடையது. பக்கத்தின் மூலையில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புவார்கள்.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் இடக்கையால் எழுதுவார். பிள்ளைகள் மறைவில் தன்னை 'நொட்டாங்கை வாத்தியார்' என்று கூப்பிட்டது அவருக்கும் தெரியும். கையெழுத்து என்னவோ அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவர் சீடரானதே ஒரு சண்டையில்தான். பாக்கியம் மெஸ் என்று ஒரு கடை. அதன் இட்லிக்கு ஜெசிந்தா ஒன்பது மார்க் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அங்கே போய்ச் சாப்பிட்ட பொன்னுரங்கம், கை கழுவியதும் நேராகப் பத்திரிகை ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"ஒன்பதா? அந்த இட்லிக்கா? தொட்டா உதிருதும்மா! பாதி இலையில, பாதி என் சட்டையில. நானா இருந்தா மூணுக்கு மேல போட மாட்டேன்."

ஜெசிந்தா அவருடைய சட்டையைப் பார்த்தார். சாம்பார் இன்னும் காயவில்லை.

"உட்காருங்க சார். காபி சாப்பிடுறீங்களா?"

காபி வந்தது. பொன்னுரங்கம் குடித்தார். கோபம் பாதி இறங்கியது.

"நானும் உங்ககூட வரலாமா? மார்க் போடக் கத்துக்கணும்."

"மூட்டை மூட்டையாப் பேப்பர் திருத்தினவர் நீங்க. உங்களுக்கு நான் என்னத்தைக் கத்துக்கொடுக்க?"

"அதான்மா விஷயம். கணக்குல விடை ஒண்ணுதான். நாக்குல அப்படி இல்லையே."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். "வாங்க" என்றார்.

அன்றோடு 'அம்மா' போய் 'குருவே' வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று "குருவே, ஹெல்மெட்டை மறந்துட்டீங்க" என்று கூவுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் தாடிக்காரர் யாராவது தென்படுகிறாரா என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்வார்.

இருவரும் நிறைய கடைக்குப் போனார்கள். போன இடத்திலெல்லாம் பொன்னுரங்கத்துக்கு ஒரு குறை அகப்பட்டது. புரோட்டா வழுக்கியது. குழம்பு நீர்த்துப் போயிருந்தது. வடை கையோடு வரவில்லை. தோசை பாதியில் அறுந்தது.

"சார், உங்க சட்டையைப் பார்த்தே இன்னைக்கு எந்தக் கடைன்னு சொல்லிடலாம்" என்பார் ஜெசிந்தா.

"என்ன செய்யறது குருவே? கெட்டியா செய்ய ஊர்ல யாருக்கும் தெரியலை."

குரு போடும் மார்க் எப்போதும் சீடர் மனதில் போட்ட மார்க்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த வித்தியாசம் அவருக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"குருவே, ஒரு கடைக்கு மார்க் போடணும்னா முதல்ல எதைப் பார்க்கணும்?"

ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

"சாப்பாடு ஆறுது சார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் போன் வந்தது.

"சார், நாளைக்கு மத்தியானம் சுஷி."

"அப்படின்னா?"

"ஜப்பான் சாப்பாடு. சோறு. சோத்து மேல பச்சை மீன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இன்னொண்ணு சார். நாளைக்கு மார்க் நான் போடலை. நீங்க போடுறீங்க. நீங்க சொல்ற நம்பர்தான் அச்சாகும். கீழே உங்க பேரு."

இப்போது சத்தம் வந்தது. போனை விட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார்.

"கனகா! கனகவல்லி! என் பேரு பத்திரிகையில வரப்போகுது!"

"எதுக்கு?" என்று உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"பச்சை மீனுக்கு!"

"பச்சை மீன் தின்ன வாயோட வந்தீங்கன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

அது குருவுக்கும் கேட்டது.

ஜப்பான்காரர்கள் குச்சியால் சாப்பிடுவார்கள் என்று பொன்னுரங்கம் எங்கேயோ படித்திருந்தார். சாயங்காலம் முழுக்க இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு வேர்க்கடலை எடுத்துப் பழகினார். கடலை ஹால் முழுக்க ஓடியது. கனகவல்லி துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"பயப்படாதீங்க. மீன் இந்த மாதிரி ஓடாது."

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. காலையில் வெறும் தண்ணீர். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நேரத்துக்கு முன்னாலேயே வந்து, கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஜெசிந்தா ஸ்கூட்டரை நிறுத்தும்போது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போகலாமா குருவே? போகலாமா?"

"கடை ஓடிடாது சார்."

கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இரஷ்ஷாய்மாசே!"

பொன்னுரங்கம் ஓர் அடி பின்வாங்கினார். "வந்ததும் வராததுமாத் திட்டுறாங்களே."

"வாங்க வாங்கன்னு சொல்றாங்க சார்."

"அப்படியா!" என்று முகம் மலர்ந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி உள்ளே போனார்.

சின்னக் கடை. நீளமாக ஒரு மர மேடை. இந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்கள், அந்தப் பக்கம் சமையல்காரர். நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. சமையல்காரர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெயர் டில்லிபாபு. கேட்காமலே சொன்னார்.

"நமக்குக் காசிமேடு சார். ஒசாகாவுல போய்த் தொழில் கத்துக்கினு வந்தேன். மீனு காசிமேடு, கை ஒசாகா. மெட்ராஸ்ல இந்த மாதிரி வேற எவனும் போட மாட்டான். சும்மா சொல்லலை. தின்னுட்டு நீங்களே சொல்லுங்க."

வந்திருப்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. குரு எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

முதலில் சூடான ஈரத்துண்டு சுருட்டி வந்தது. பொன்னுரங்கம் இடக்கையால் வாங்கினார். கையைத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். கழுத்து, பின்கழுத்து, காதுமடல் எல்லாம் துடைத்து, "ஆகா" என்றார்.

அடுத்து டீ. பிடி இல்லாத குவளை. அதையும் இடக்கையால் எடுத்து ஊதி ஊதிக் குடித்தார்.

"பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனா என்னமோ இருக்கு குருவே!"

இடது ஆள்காட்டி விரல் மர மேடையில் 'எட்டு' என்று எழுதியது. வாத்தியார் பழக்கம். சாக்பீஸ் இல்லாவிட்டால் விரல்.

டில்லிபாபு கண்ணைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு சோற்றை எடுத்துக் கையில் பிடித்தார். இரண்டு அமுக்கு, ஒரு திருப்பு. மேலே வெள்ளைக் கணவாய்த் துண்டு. ஜெசிந்தாவின் முன்னால் இருந்த பலகையில் ஒன்று, பொன்னுரங்கத்தின் பலகையில் ஒன்று.

"கொழுக்கட்டை மேல மீன் படுத்திருக்கு குருவே!"

"மெதுவாப் பேசுங்க சார்."

இரவல் வாங்கிய உடம்புபோல நிமிர்ந்து உட்கார்ந்து, வலக்கையில் குச்சிகளைப் பிடித்தார். பிடித்து நெருக்கினார். கணவாய் ஒரு பக்கம் போனது. சோறு ஒரு பக்கம் போனது.

"கையாலயே எடுங்க சார்" என்றார் டில்லிபாபு. "அங்கயும் கைதான். குச்சியெல்லாம் ஸ்டைலுக்கு."

"கையாலயா!" பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "ஜப்பான்காரன் நம்ம ஆளு குருவே! வீணா கடலை பொறுக்கினேன்!"

அடுத்தது சூரை மீன். சிவப்பாக, பளபளவென்று இருந்தது. வலக்கையை நீட்டினார். விரல்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் போயின. பிடித்துத் தூக்கும்போது சோறு உடைந்தது. மீன் நழுவிச் சோயா சாஸ் கிண்ணத்தில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் மூன்று கறுப்புப் புள்ளிகள்.

மீனைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் தின்றார்.

"சோத்துல பிடிப்பு இல்லை" என்றார். விரல் எட்டை அழித்து ஐந்து போட்டது.

நடுவே மெல்லிசாகச் சீவிய இஞ்சி வந்தது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது. பொன்னுரங்கம் மொத்தத்தையும் ஒரே வாயில் முடித்துவிட்டு, பந்தியில் கேட்பதுபோல் கேட்டார்.

"தம்பி, ஊறுகாய் இன்னொரு தடவை."

டில்லிபாபு கண்ணை விரித்தார். இருந்தாலும் கை நிறைய அள்ளி வைத்தார்.

சூப் வந்தது. "ரசம்!" என்று குஷியாக ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுருங்கியது. "உப்பு தூக்கல்."

"ஆமா சார், தூக்கல்தான்" என்றார் ஜெசிந்தா.

குரு ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. பொன்னுரங்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதமே வேறு. பரீட்சை ஹாலில் சுற்றி வரும் கண்காணிப்பாளரின் கண் வந்துவிட்டது. சுவரைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். குருவின் பலகையைப் பார்த்தார். தன் பலகையைப் பார்த்தார். மறுபடி குருவின் பலகையைப் பார்த்தார்.

இரண்டிலும் கானாங்கெளுத்தி வந்திருந்தது.

குனிந்து குசுகுசுத்தார். "குருவே, ஒண்ணு கவனிச்சீங்களா?"

"என்ன சார்?"

"உங்க மீன் இந்தப் பக்கமாச் சாய்ஞ்சிருக்கு. என்னோடது அந்தப் பக்கமா."

"ஆமா."

"கணவாயும் அப்படித்தான் வெச்சான். சூரையும் அப்படித்தான்."

"ஆமா."

"அதெப்படி? எத்தனை வருஷம் வகுப்பு எடுத்திருக்கேன். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரி, இன்னொண்ணுக்கு வேற மாதிரி நான் செஞ்சதே இல்லை. எல்லாருக்கும் ஒண்ணுபோல. அதான் நியாயம். ஒரே பந்தியில ரெண்டு நியாயமா?"

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார். "இடம் மாத்திப் பார்ப்போமா சார்?"

பொன்னுரங்கத்துக்கு அது பிடித்திருந்தது. சரிபார்த்தல் என்றால் அவருக்கு எப்போதுமே பிடிக்கும். துண்டும் குவளையுமாக எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். டில்லிபாபு இதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கத்தியைத் துடைத்துக்கொண்டு வஞ்சிரத்தை எடுத்தார்.

இரண்டு அமுக்கு, ஒரு திருப்பு. குருவின் முன்னால் ஒன்று. சீடரின் முன்னால் ஒன்று.

குருவின் மீன் முன்பு எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே சாய்ந்திருந்தது. இவருடைய மீன் மறுபடியும் மாறித்தான் இருந்தது.

பொன்னுரங்கத்தின் காது சிவந்தது.

"இடத்துக்கு இல்லை குருவே! ஆளுக்கு! என் மூஞ்சியைப் பார்த்துத்தான் திருப்பித் திருப்பி வைக்கிறான்!"

கோபத்தோடு வலக்கையை நீட்டி எடுத்தார். உடைந்தது.

"போதும். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார். விரல் ஐந்தை அழித்தது. "சைபர்."

"சைபரா?"

"சைபர். சோத்துல பிடிப்பு இல்லை. ரசத்துல உப்பு தூக்கல். வந்தவனை மதிக்கத் தெரியலை. அச்சுல வரட்டும். என் பேரோடயே வரட்டும்."

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவின் போன் அடித்தது. ஆபீசில் பக்கம் கட்டுகிற சுதன்.

"அக்கா, பக்கத்தை மூடப்போறோம். வட்டத்துக்குள்ள என்ன நம்பர்?"

பொன்னுரங்கம் போனுக்கு வலக்கையை நீட்டினார். டில்லிபாபு அடுத்த மீனை நறுக்கியபடி, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தன் கடையின் நம்பர் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"ரெண்டு நிமிஷம் சுதன்" என்று சொல்லி ஜெசிந்தா போனை வைத்தார். "சார், ஒண்ணு கேட்கட்டுமா? துண்டை எந்தக் கையால வாங்கினீங்க?"

பொன்னுரங்கம் பார்த்தார். துண்டு அவருடைய இடப்பக்கம் கிடந்தது.

"இதால."

"டீ?"

"இதாலதான்."

"சைபர்?"

சைபரின் வட்டத்தை மூடிய இடத்தில் அவருடைய இடது ஆள்காட்டி விரல் இன்னும் அழுந்தி நின்றது.

"இது என் எழுதுற கை குருவே. பிறந்ததுலேர்ந்து."

"அவர் அந்தக் கை எடுக்க வாகாத்தான் சாய்ச்சு வெச்சிருக்கார்."

பொன்னுரங்கம் பலகையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"அது சோத்துக்கை இல்லையே."

"அதை அவருக்கு யாரும் சொல்லலை சார்."

பொன்னுரங்கம் இடக்கையை மேடையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் முதல் உருண்டையை எடுக்க இடக்கையை நீட்டியவரை, சித்தப்பா வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். 'எது சோத்துக்கைன்னு தெரியாத பய எல்லாம் எதுக்குடா பந்திக்கு வரான்?' என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. பாயசம் வந்துபோகும்வரை தூணோரம் நின்றார். அதற்குப் பிறகு அந்த இடக்கை எல்லா வேலையும் செய்தது. கணக்குப் போட்டது, சைக்கிள் செயின் மாட்டியது, குழந்தைக்குத் தொட்டில் ஆட்டியது. சாப்பாட்டுக்கு மட்டும் வந்ததில்லை. இலை போட்டதும் போய் மடியில் உட்கார்ந்துகொள்ளும். மற்றக் கை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டில்லிபாபு அடுத்த மீனை வைத்தார். சூரை. மறுபடியும் அதே மாதிரி, அதே சாய்வு.

பொன்னுரங்கம் திரும்பிக் கடையைப் பார்த்தார். அந்த மூலையில் கல்யாணம் ஆன புதுசு மாதிரி ஒரு ஜோடி. இந்தப் பக்கம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இரண்டு ஆபீஸ்காரர்கள். யாரும் இவரைப் பார்க்கவில்லை. தூணும் இல்லை.

மடியில் இருந்த கை மெல்ல மேலே வந்தது. மர மேடை மேல் ஒரு கணம் நின்றது. பிறகு நீண்டது.

விரல்கள் போன இடத்தில் மீன் இருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. கட்டை விரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கம். தூக்கினார். முழுசாக வந்தது. வாயில் வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். சோறு இளஞ்சூடாக இருந்தது. மீன் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டும் எங்கே சேர்ந்தன என்று தெரியாமல் சேர்ந்து, லேசான புளிப்பாக, பிறகு இனிப்பாக, பிறகு ஒன்றுமில்லாமல் போயின.

பொன்னுரங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"குருவே! உதிரலை! உதிரவே இல்லை!"

அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. உள்ளே அடுப்படியில் இருந்தவர்கள், யாரோ வாடிக்கையாளர் வந்துவிட்டார் போல என்று நினைத்து, ஒரே குரலில் கத்தினார்கள்.

"இரஷ்ஷாய்மாசே!"

பொன்னுரங்கம் இடக்கையை உயர்த்தி அவர்களுக்கு வணக்கம் சொன்னார். ஜெசிந்தா சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார்.

"தம்பி!" என்றார் பொன்னுரங்கம். "நான்தான் வலக்கையால எடுத்துக்கிட்டு இருந்தேனே. பார்த்தீங்கல்ல? அப்புறமும் எதுக்கு இந்தக் கைக்கே வெச்சீங்க?"

டில்லிபாபு தலையைச் சொறிந்தார். "துண்டு வாங்கறது அந்தக் கை. டீ குடிக்கறது அந்தக் கை. மேஜை மேல என்னமோ கிறுக்கினே இருக்கீங்க, அதுவும் அந்தக் கை. சோத்துக்கு மட்டும் வேற கை வருது, வந்து தடுமார்து. கூச்சப்படறாருபோல, வெச்சுக்கினே இருப்போம், எப்பனா ஒரு தபா வரட்டுமேன்னு வெச்சேன். தப்பா சார்?"

"தப்பா! தப்பான்னு கேட்கிறார் குருவே!"

போன் மறுபடி அடித்தது. பொன்னுரங்கமே எடுத்தார். வலக்கையால் எடுத்தார். இடக்கையில் வேலை இருந்தது.

"சார், நம்பர்?" சுதனின் குரல் அவசரத்தில் இருந்தது.

"மறுமதிப்பீட்டுல இருக்கு தம்பி."

"என்னது?"

"பேப்பரைத் திரும்பத் திருத்திக்கிட்டு இருக்கேன். அரை மணி குடு."

"அரை மணியா? வட்டத்தைக் காலியா விட்டா எல்லாரும் சைபர்னு நினைச்சுக்குவாங்க சார்!"

"ஐயையோ! காலியா விட்டுடாதப்பா! இதோ, இதோ வந்துடுச்சு!"

போனை வைத்துவிட்டு டில்லிபாபுவிடம் திரும்பினார். கணவாய், கானாங்கெளுத்தி, வஞ்சிரம் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னார். டில்லிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் திரும்பக் கேட்டால் எந்தச் சமையல்காரருக்குத்தான் கசக்கும்? விரல்கள் பறந்தன. இரண்டு அமுக்கு, ஒரு திருப்பு.

பொன்னுரங்கம் ஒவ்வொன்றாக எடுத்தார். இப்போது அவர் கத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினார். நடுவில் ஒரே ஒரு துண்டு இஞ்சி எடுத்துக்கொண்டார். கணவாய்க்கு மட்டும் நெற்றி சுருங்கியது. இன்னும் கொஞ்சம் மென்றார்.

பிறகு போனை எடுத்தார்.

"எழுதிக்கோ தம்பி. எட்டு."

"எட்டு. சரி சார்."

"ரெண்டு எதுக்குக் குறைஞ்சதுன்னும் போடு. ரசத்துல உப்பு தூக்கல். கணவாய் இழுக்குது. சோத்துல ஒரு குறையும் இல்லை. பிடிப்புன்னா அதான் பிடிப்பு."

டில்லிபாபுவின் கத்தி பாதியில் நின்றது. இவரைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"சார்… நீங்க பத்திரிகையா?"

பொன்னுரங்கம் வாயில் விரலை வைத்துக்காட்டினார்.

"அய்யோ, தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா வெச்சிருப்பேனே சார்!" டில்லிபாபு ஒரு நிமிஷம் நின்றார். சூப் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். "அதெல்லாம் உப்பு சரியாத்தான்…" என்று தொடங்கி, முழுங்கி, உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "எவன்டா சூப்பு வெச்சது?"

போனில் சுதன் இன்னும் இருந்தார். "சார், பேர் என்னன்னு போடட்டும்? உங்க சொந்தப் பேரா? கடைக்காரங்களுக்குத் தெரியக் கூடாதேன்னு அக்கா சொல்லுவாங்க. புனைபெயர் ஏதாவது?"

பத்திரிகையில் வரப்போகிறது என்று நேற்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாரே, அந்தப் பெயர் பொன்னுரங்கத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அவர் தன் இடக்கையைப் பார்த்தார். விரலில் இரண்டு சோறு ஒட்டியிருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டார்.

"சோத்துக்கைன்னு போடு."

"சூப்பர் சார். சாப்பாட்டுப் பக்கத்துக்கு அம்சமாப் பொருந்துது."

"ஆமாப்பா. பொருந்துது."

கடைசியாக டீ வந்தது. கடையில் கூட்டம் குறைந்திருந்தது. உள்ளே சூப் வைத்தவருக்கு இன்னும் அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். பொன்னுரங்கம் கனகவல்லியிடம் எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டியிருக்குமா என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். பேசிக்கொண்டே குனிந்து சட்டையிலிருந்த கறுப்புப் புள்ளிகளைத் துண்டால் ஒற்றினார்.

ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

பேச்சும் நின்றது.

"குருவே."

"ம்."

"அந்தப் பாக்கியம் மெஸ் இட்லி…"

ஜெசிந்தா டீயைக் கீழே வைத்தார்.

"இட்லி நல்லாத்தான் இருந்துச்சு சார்."